ஒரு திருகாணி மிச்சம்

லியெபாயாவில் பிப்ரவரி.
அலைதாங்கிச் சுவரில் படிந்திருப்பது உப்பா உறைபனியா
நக்கிப் பார்த்தால்தான் தெரியும்.
நக்கிப் பார்த்தவன் குன்டார்ஸ்.
நாக்கு இரண்டு நாள் புண்.

அங்கே வைத்துத்தான் என் ரீல் அரைக்க ஆரம்பித்தது.
ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில்
ரை ரொட்டியில் கல் கடிபடுகிற மாதிரி.
நான் டிராம் ஓட்டுகிறவள். இருபத்தொரு வருஷம்.
எந்தச் சக்கரம் தட்டையாகிறது
எந்தக் கதவு நாளைக்குச் சிக்கிக்கொள்ளும்
என் காதுக்குத் தெரிந்த பிறகுதான் டிப்போவுக்குத் தெரியும்.

வயசாயிடுச்சு விஸ்மா, தூக்கிப் போடு என்றான்.
உன் முழங்காலும் அரைக்கிறது,
யார் தூக்கிப் போட்டார்கள் என்றேன்.

சமையல் மேசையில்
போன வருஷத்துக் கால அட்டவணையைத் திருப்பி விரித்து
முட்டை அட்டையின் ஆறு குழிகளிலும் எண் எழுதி
கழற்றினேன்.
ஸ்பூல் ஒன்று. வாஷர்கள் இரண்டு.
ரோட்டர் நட்டோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டு:
அது இடமரை.
கழற்றுவதாக நினைத்துக்கொண்டு
இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன்.
(கைப்பையில் வக்கீலின் கடிதம்
இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது.)

உள்ளே தார் மாதிரி பழைய கிரீஸ்.
அதில் எந்தக் கரையிலோ ஒட்டிய மணல்.
பேரிங்கை மண்ணெண்ணெயில் போட்டு ஆட்டினேன்.
ஜாடி கலங்கியது
அரைத்தது எது என்று அடியில் வந்து உட்கார்ந்தது.

அப்புறம்தான் ஸ்பிரிங்கைப் பார்த்தேன்.
கம்பி வளையத்தைத் தட்டி மூடுகிற அந்த ஸ்பிரிங்
தொழிற்சாலையில் செய்ததில்லை.
பால்பாயின்ட் பேனாவில் இருந்து எடுத்தது.
வெட்டி, குறட்டால் வளைத்து,
நுனியை அரத்தால் ராவியிருக்கிறார் யாரோ.
மூடியின் உட்புறம் ஊசிக் கீறலில்
94
03
11
அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை.

கரோஸ்டா சந்தையில் ஏழு யூரோவுக்கு வாங்கியது.
விற்றவள் பாத்திரங்களோடு சேர்த்து வைத்திருந்தாள்,
எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது.
ஆனால் திருப்புளி வழுக்கிய கீறல்கள்
எல்லாம் ஒரே பக்கமாய்ச் சாய்ந்திருக்கின்றன.
இடதுகைக்காரர்.

அதற்கப்புறம் ஒரு வாரம்
கண்ணாடியில் சாலையைவிடக் கைகளைத்தான் பார்த்தேன்.
டிக்கெட்டை இடதுகையால் நீட்டியவர்கள் பதினான்கு பேர்.
ஒரு பள்ளிக்கூடப் பையன்.
வலதுகையில் கட்டுப் போட்ட ஒருத்தி, கணக்கில் வராது.
பூனைக்கூடையோடு ஏறிய ஒருவர்
நகத்திடுக்கில் கறுப்பாய் ஏதோ.
கேட்கலாம் என்று வாய் எடுப்பதற்குள்
அவருடைய நிறுத்தம்.

புது ஸ்பிரிங் வரவழைத்தேன், ரீகாவிலிருந்து, நாலு யூரோ.
மாட்டினேன். வளையம் பாதியில் நின்றது.
கழற்றி அந்தப் பேனா ஸ்பிரிங்கையே திரும்ப வைத்தேன்.
டக்.

டிப்போவில் கதவுக்குப் போடுகிற கிரீஸைத்
தாராளமாய் அப்பியது என் தப்பு.
மைனஸ் ஒன்பதில் அது மெழுகு.
தங்கூசி விறைத்து, கோல் வளைந்து,
அடியில் நல்ல அகலமான தட்டைமீன் ஒன்று
போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது.
கைப்பிடி அசைய மறுக்கிறது.
குன்டார்ஸ் வாயில் சிகரெட்டோடு பார்த்துக்கொண்டு நின்றான்.
அறுந்தது.
சிரிக்காமல் இருந்ததற்கு அவனுக்கு நன்றி.

மறுபடி மேசை. மறுபடி மண்ணெண்ணெய்.
இந்த முறை தையல் மெஷின் எண்ணெய்,
பல்லுக்கு ஒரு சொட்டு.
பிரேக் வாஷரை மட்டும் தொடவில்லை
அதற்குத் தன் வேலை தெரிந்திருந்தது.
நட்டை எதிர்ப்பக்கம் திருப்பி இறுக்கினேன்.
ராத்திரி ஒன்றரை. கைப்பிடியை ஒரு தட்டு தட்டிவிட்டேன்.
சுற்றுகிறது, சுற்றுகிறது,
கடைசி டிராம் போன பிறகு தண்டவாளம் இருக்குமே,
அந்த மாதிரி நிசப்தம்.

முட்டை அட்டையின் ஐந்தாம் குழியில்
ஒரு திருகாணி.

குலுக்கினேன். எதுவும் ஆடவில்லை.
இழுத்தேன், விட்டேன். நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது.
பதினொன்றிலேயே ஒருவேளை அவரும்
இதை வெளியே வைத்துப் பார்த்துவிட்டு
போதும் என்று உள்ளே ஒட்ட வைத்திருப்பாரோ.

ஊசியை எடுத்தேன், வருஷத்தைக் கீற.
மூடியை ஏற்கெனவே மூடிவிட்டிருக்கிறேன்.
திருகாணி கோட்டுப் பையில், டிராம் சாவியோடு.
வளைவு வரும்போதெல்லாம்
லேசாய் ஒரு சத்தம்.